பாட்டுக்கு மூலம் பார்க்கலாமா?

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மகாநதி ஒன்றின் ஊற்றைத் தேடிப் போனால் ஏதோ ஒரு பாறை இடுக்கில் கசிந்துகொண்டிருக்கும் கலங்கல் நீரைத்தான் காண நேரும். மகரிஷி ஒருவரின் பிறப்பைத் தேடிப் போனாலும் அப்படித்தான். ஆகையால் பயனைப் பார், பிறப்பைப் பார்க்காதே என்பது அதன் கருத்து. மரியாதையான வார்த்தைதான், சந்தேகமில்லை. ஆனால் இது விவேகமா, அல்லது உண்மைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் தந்திரமா என்ற கேள்வி வெகு காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் நதியும் அல்ல, ரிஷியும் அல்ல, ஒரு பாட்டு.

என் தாயைப் பெற்ற ஆச்சிக்கு எட்டயபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டுத் திருநெல்வேலிக்கு வந்தவள். அந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். ஆச்சிக்குச் சங்கீதம் தெரியாது. ராகம் என்ன என்று கேட்டால், "நல்ல ராகம்" என்பாள். ஆனால் அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. 'மீனாட்சி பாட்டு' என்று வீட்டில் எல்லோரும் சொல்லுவோம். விளக்கேற்றும் வேளையில் ஒரு தடவை. குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது தூக்கம் வருகிற வரையில் பல தடவை. பாட்டு சமஸ்கிருதம். ஆனால் பல வாய்கள் மாறி வந்ததில் பாதிச் சொற்கள் தேய்ந்து, என்ன பாஷை என்றே சொல்ல முடியாதபடி ஆகியிருந்தன. மீனாட்சி என்ற பெயர் ஒன்றுதான் முழுசாக நின்றது. மெட்டு மட்டும் கொஞ்சமும் தேயவில்லை. ஏறி, இறங்கி, மறுபடியும் அதே படிகளில் ஏறி, பழகிய வாசலில் வந்து நிற்கிற மாதிரி ஒரு மெட்டு. கண்ணை மூடிக்கொண்டால் இன்றும் கேட்கிறது.

அந்தப் பாட்டுக்கு எங்கள் வீட்டில் ஒரு மூலக்கதையும் உண்டு. ஆச்சியின் ஆச்சி இளம் பெண்ணாக இருந்தபோது, கைக்குழந்தைக்கு மாந்தம் கண்டு மூன்று நாளாகக் கண் திறக்கவில்லையாம். உச்சி வெயிலில் பண்டாரம் ஒருவர் வந்து திண்ணையில் சாய்ந்தார். அந்தப் பெண் அவருடைய ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. ஒரு சொம்பு நீர்மோர் கொண்டு வந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, உள்ளே குழந்தை முனகுவதைக் கேட்டு, இந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தை பிழைத்தது. பண்டாரத்தைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. மதுரையிலிருந்து மீனாட்சியே அனுப்பி வைத்த ஆள் என்பது ஆச்சியின் தீர்மானம். எங்கள் தீர்மானமும் அதுதான். மற்ற வீடுகளில் நகை இருந்தது, நிலம் இருந்தது. எங்கள் வீட்டில் அம்பாள் அனுப்பிய பாட்டு இருந்தது.

1950-களின் நடுவில் நான் சென்னையில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அறிவு சற்று முளைவிட்டு, அடக்கம் இன்னும் முளைவிடாத வயது. ஒரு நாள் நண்பர்களோடு ஓர் இங்கிலீஷ் படத்துக்குப் போனேன். 1952-இல் ஜான் ஃபோர்ட் எடுத்த 'தி கொயட் மேன்' என்ற படம். அயர்லாந்துக் கிராமம் ஒன்றில் நடக்கிற கதை. கடைசியில் கதாநாயகனும் அவன் மைத்துனனும் வயல் வெளி நெடுக முஷ்டிச் சண்டை போடுகிறார்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் பின்னால் ஓடுகிறது. சண்டையின் நடுவில் இருவரும் கள்ளுக் கடைக்குள் புகுந்து குடித்துவிட்டு வேறு வருகிறார்கள். கொட்டகையே சிரித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் நாற்காலி விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அமளிக்கு நடுவே துள்ளி ஓடிய வாத்தியத்தைப் பாதி வேகத்தில் நிறுத்திப் பார்த்தால் அது ஆச்சியின் மீனாட்சி பாட்டு!

மறு நாளே இங்கிலீஷ் ஆசிரியரிடம் போய் மெட்டைச் சீழ்க்கை அடித்துக் காட்டினேன். அவர் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார். 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்பது அதன் பெயர். மாலோ என்பது அயர்லாந்தில் கார்க் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஊற்று நீரில் குளித்தாலும் குடித்தாலும் நோய் தீரும் என்று செல்வர்கள் வந்து தங்குவார்களாம். அவர்கள் ஊற்று நீரோடு நின்றுவிடவில்லை. குடித்து, சூதாடி, அப்பன் தேடிய சொத்தை அழித்த மைனர்களைப் பற்றிய பாட்டு அது. 1740-களிலேயே அச்சில் ஏறிவிட்டது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் இதைச் சொல்லத் துடித்தேன். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"ஆச்சி, உங்க மீனாட்சி பாட்டு எங்கேயிருந்து வந்தது, தெரியுமா?"

"தெரியாமே என்ன, அய்யா? பண்டாரம் குடுத்துட்டுப் போனதுல்லா?"

"பண்டாரமும் இல்லை, பரதேசியும் இல்லை. அது வெள்ளைக்காரக் குடிகாரன் பாட்டு!"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சாதாரணச் சிரிப்பு அல்ல. சோற்றில் கை வைத்தபடியே, புரை ஏறும் அளவுக்குச் சிரித்தேன். படக் கதையையும், முஷ்டிச் சண்டையையும், மாலோ மைனர்களையும் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். அக்காவும் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மாமா சிரிக்கவில்லை. மாமா 1942-இல் சிறைக்குப் போனவர். கதரைத் தவிர வேறு துணி தொடாதவர்.

"வெள்ளைக்காரன் துணி வேண்டாம்னு கொளுத்தினோம். அவன் மெட்டு மட்டும் நம்ம வீட்டுத் தொட்டிலுக்கு வேணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

ஆச்சி, "அப்படியா, அய்யா?" என்று கேட்டாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பாட்டைப் பாடவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த விடுமுறைக்குப் போனபோது அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஆச்சி தொட்டிலை ஆட்டினாள். ஊரில் எல்லோரும் பாடுகிற தாலாட்டைப் பாடினாள். விளக்கேற்றும்போது திருநீறு பூசிக்கொண்டு சும்மா நின்றாள். "மீனாட்சி பாட்டு என்ன ஆச்சு, ஆச்சி?" என்று அக்கா கேட்டதற்கு, "மறந்து போச்சு" என்று சொன்னாளாம். அறுபது வருஷமாகப் பாடிய பாட்டு மறக்குமா? எனக்கு முதல் முதலாக நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனாலும், "நான் என்ன பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்?" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை பேசியவனுக்கு இப்படி ஒரு சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கிறது.

உள்ளதைச் சொன்னேன் என்பதும் பாதிதான் சரி என்று பின்னால் தெரிந்தது. மயிலாப்பூரில் நான் குடியிருந்த தெருவில் வீணை வாத்தியார் ஒருவர் இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டு ஜன்னலிலிருந்து அதே மெட்டு கேட்டது. ஒரு சிறுமி தடுமாறித் தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தாள். வாசற்படி ஏறிப் போய், "இது ரேக்ஸ் ஆஃப் மாலோ அல்லவா?" என்று என் பாண்டித்தியத்தைக் காட்டினேன். அவர் நிதானமாக, "இருக்கலாம். எங்களுக்கு இது முத்துஸ்வாமி தீட்சிதர் நோட்டுஸ்வரம். 'வந்தே மீனாட்சி' என்று பெயர்" என்றார்.

அன்று அவர் சொல்லக் கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கிச் சொல்லுகிறேன். தீட்சிதர் 1775-இல் திருவாரூரில் பிறந்தவர். இளமையில் அவர் குடும்பம் சென்னைக்கு அருகில் மணலியில், முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற பிரபுவின் ஆதரவில் சில காலம் இருந்தது. முதலியாருக்குக் கும்பினியாரோடு பழக்கம். அவர் மூலமாகச் சகோதரர்களுக்குக் கோட்டையில் பட்டாளத்துப் பாண்டு வாத்தியம் கேட்கிற சந்தர்ப்பம் கிடைத்தது என்று சொல்லுகிறார்கள். அந்த மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைந்த சுமார் 40 உருப்படிகள் தீட்சிதர் பெயரில் வழங்குகின்றன. கமகம் இல்லாமல், சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் நேராக நடப்பவை. 1893-இல் சின்னஸ்வாமி முதலியார் என்பவர் இவற்றை மேனாட்டு இசைக் குறியீட்டில் அச்சிட்டார். இன்றும் சங்கீதம் பயிலும் குழந்தைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டில்கூட ஒரு மீனாட்சி பாட்டு இருக்கிறது. அந்த மெட்டும் இங்கிலீஷ்காரனுக்குச் சொந்தம் அல்ல, பிரெஞ்சு தேசத்தது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது 'சந்ததம் பாஹிமாம்' என்ற உருப்படி. இங்கிலாந்து ராஜாவைக் கடவுள் காப்பாற்ற வேண்டும் என்று வெள்ளைக்காரன் எழுந்து நின்று பாடுவானே, அந்த மெட்டேதான். தீட்சிதர் ராஜாவைக் காப்பாற்றச் சொல்லவில்லை. 'எப்போதும் என்னைக் காப்பாற்று' என்று அம்பாளிடம் கேட்டுவிட்டார்.

தீட்சிதர் கடைசிக் காலத்தில் எட்டயபுரம் வந்து, 1835-இல் அங்கேயே காலமானார். அவர் தம்பி பாலுஸ்வாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். பாலுஸ்வாமியின் தத்துப் பிள்ளை சுப்பராம தீட்சிதர் அங்கே இருந்துதான் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை வெளியிட்டார். எட்டயபுரம்! ஆச்சி பிறந்த மண். அப்படியானால் அந்தப் பண்டாரம் அரண்மனைப் பக்கம் பாட்டைக் கேட்டு, காலாற எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? நாவல் எழுதுகிறவனுக்கு இதை ஓர் அத்தியாயமாக்கிவிட ஆசை வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் ஆதாரம் இல்லாததை நடந்ததாகச் சொல்லக் கூடாது என்பதையும் இதே பாட்டிடம்தான் கற்றுக்கொண்டேன்.

முழு உண்மையையும் மூட்டை கட்டிக்கொண்டு மறுபடியும் ஊருக்குப் போனேன். இந்தத் தடவை சாப்பாட்டுக் கூட்டத்தில் சொல்லவில்லை. பின்கட்டில் ஆச்சி தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "பெரிய மகான் கட்டின பாட்டு ஆச்சி அது. குடிகாரன் பாட்டு இல்லை. இனிமேல் நீங்க பாடலாம்" என்று அனுமதியும் வழங்கினேன்!

ஆச்சி கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்காவ நான் நிறுத்தலை, அய்யா. குடிகாரன் பாடினா என்ன? கோட்டையிலே வாசிச்சா என்ன? அம்பாள் பேரைச் சொல்லிட்டா அது அம்பாள் பாட்டுதான். நீ சிரிச்சே பாரு, அது காதிலேயே நிக்கி. பாட்டை எடுத்தா பாட்டு வரலை. உன் சிரிப்புதான் வருது."

எத்தனையோ பெரியவர்களின் உபதேசங்களைக் கேட்டிருக்கிறேன், புத்தகங்களும் படித்திருக்கிறேன். அந்தக் கீரைக் கட்டுக்கு முன்னால் கேட்டதைப் போல ஒன்று என்னைத் தலை குனிய வைத்ததில்லை.

இனி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூலத்தைப் பார்க்கலாமா, கூடாதா?

மூலம் இழிவானால் பாட்டும் இழிவு என்று மாமா நினைத்தார். மாமாவின் கோபத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். நம்மை ஆண்டவனுடைய மெட்டு நம் குழந்தையின் தொட்டிலில் கேட்கிறதே என்பது, அடி வாங்கிய முதுகு பேசுகிற பேச்சு. ஆனால் அந்தக் கணக்கில் போனால் எங்கே நிற்பது? மணலியில் இருந்த காலத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பிய வித்துவானிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரியைக் காட்டுங்கள் பார்க்கலாம்! அமெரிக்கர்களைப் பாருங்கள். இங்கிலாந்து ராஜாவோடு யுத்தம் செய்து விடுதலை பெற்றவர்கள். அந்த ராஜாவின் கீதத்து மெட்டிலேயே 1831-இல் தங்கள் தேசத்தைப் போற்றிப் பாட்டுப் பாடினார்கள். மாலோ பாட்டோ இங்கிலீஷ்காரனுடையதுகூட அல்ல. அவன் ஆட்சியில் நம்மைப் போலவே இருந்து, 1922-இல் தனி அரசு கண்ட நாட்டின் பாட்டு. மெட்டின் மேல் பகை பாராட்டப் புறப்பட்டவன் பகைவன் யார் என்றே தெரியாமல் நிற்க வேண்டியதாகும்.

அப்படியானால் பழமொழி சொல்லுகிறபடி மூலத்தைப் பார்க்காமலே இருந்துவிடலாமா? அதுவும் எனக்குச் சம்மதமில்லை. பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும்? மாலோவில் யாரோ பேர் தெரியாத ஒருவன் போட்ட மெட்டு, தீட்சிதர் பெயரில் வந்த சாகித்தியம், இரண்டும் மறைந்து, எங்கள் குடும்பத்துக்கு மட்டும் அம்பாள் அனுப்பியது என்ற பெருமை நிலைத்துவிடும். பிறருடைய உழைப்பைத் தெய்வத்தின் பேரில் எழுதி வைத்து நாம் அனுபவிப்பது பக்தியாகத் தோன்றலாம், நியாயம் ஆகாது. உண்மை வேண்டும். ஆச்சிக்குமேகூட உண்மை வேண்டாம் என்று இல்லை. பாட்டு எங்கே பிறந்திருந்தாலும் ஏற்றுக்கொள்ள அவள் மனத்தில் இடம் இருந்தது. அவளை உண்மை தாங்காத குழந்தை என்று நினைத்தது என்னுடைய தவறு. அவளால் தாங்க முடியாதது உண்மையோடு நான் சேர்த்துப் பரிமாறிய சிரிப்பு.

மூலம் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு விதம் உண்டு என்று நினைக்கிறேன். ஒருவன், 'இது எத்தனை தூரம் நடந்து என்னிடம் வந்திருக்கிறது!' என்று வியப்பதற்காகப் போகிறான். இன்னொருவன், 'இவ்வளவுதானா நீ?' என்று கேட்பதற்காகப் போகிறான். இருவர் கையிலும் கிடைப்பது ஒரே உண்மைதான். நான் இரண்டாவது ஆளாகப் போனேன்.

இது பாட்டோடு போகிற விஷயமும் அல்ல. நம் ஊர்த் திண்ணைகளில் புதிதாக வந்த மனிதனைப் பார்த்து முதலில் கேட்கும் கேள்வி எது? 'நீ யார் வீட்டுப் பிள்ளை? எந்த ஊர்? எந்தத் தெரு?' அவன் தாகத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் அவன் மூலத்தை விசாரிக்கிறோம். பதில் தெரிந்தபின், சொம்பை நீட்டுவதா, கையில் ஊற்றுவதா என்று தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் தெருவும் அதற்கு விலக்கல்ல. ரிஷிக்கு மூலம் பார்க்கக் கூடாது என்று பழமொழி சொன்னவர்கள், தாகத்தோடு வந்து நின்றவனுக்கு மட்டும் தவறாமல் மூலம் பார்த்தார்கள். பண்டாரத்தின் கதை நடந்ததோ இல்லையோ, அதில் ஒரு வரி மட்டும் நடந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஊரும் பேரும் கேட்காமல் ஒரு பெண் மோர் கொடுத்தாளே, அந்த வரி. அவள் கேட்டிருந்தால் அவர் எழுந்து போயிருக்கலாம். பாட்டும் போயிருக்கும்.

ஆச்சி மறுபடியும் பாடினாளா என்று நீங்கள் கேட்கலாம். அன்று பின்கட்டில், "இப்போ ஒரு தடவை பாடுங்களேன், ஆச்சி" என்று கெஞ்சினேன். "பிறவு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டாள். ஆறு ஏழு மாதம் கழித்து அக்கா எழுதிய கடிதத்தில், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு ஆச்சி ராத்திரி முழுவதும் மடியில் போட்டுக்கொண்டு மீனாட்சி பாட்டைப் பாடினாள் என்று ஒரு வரி இருந்தது. நான் அங்கே இல்லை. நான் வீட்டில் இருந்த நாட்களில் அவள் பாடவே இல்லை. பிடிவாதம் அல்ல, என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்திருக்கும். அவள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அவள் வாயிலிருந்து அந்தப் பாட்டை நான் கடைசியாகக் கேட்டது, இங்கிலீஷ் படத்துக்குப் போவதற்கு முந்திய விடுமுறையில்தான்.

சென்ற மாதம் என் கொள்ளுப்பேத்தி பிடில் வகுப்பிலிருந்து வந்தவள், புதிதாகக் கற்றுக்கொண்டதை வாசித்துக் காட்டினாள். இரண்டாவது அடி வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வாசித்து முடித்து வில்லைக் கீழே வைத்துவிட்டு, "இது யார் பாட்டு, தாத்தா?" என்று கேட்டாள். மாலோ என்ற ஊரைச் சொன்னேன். அங்கே குடித்துத் திரிந்த மைனர்களையும் மறைக்காமல் சொன்னேன். மணலியைச் சொன்னேன், தீட்சிதரைச் சொன்னேன். நம் வீட்டில் ஓர் ஆச்சி இருந்தாள், பாதி வார்த்தை தப்பாகப் பாடுவாள் என்பதையும் சொன்னேன். குழந்தை மைனர்களைப் பற்றிக் கேட்டுச் சிரித்தது. அவளோடு சேர்ந்து நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு, பாதி வேகத்தில் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.